சைக்கிளுக்குப் பிள்ளையா, பிள்ளைக்குச் சைக்கிளா?

வளருகிற பிள்ளைக்கு யூனிபாரம் தைக்கக் கொடுக்கும்போது நாம் என்ன சொல்வோம்? "கொஞ்சம் தாராளமாவே தைங்க, கீழே ரெண்டு மடிப்பு உள்ளே வையுங்க, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்போம். செருப்பு வாங்கினாலும் ஒரு நம்பர் கூடத்தான். குடும்பம் நடத்துகிற பெண்களுக்கு இந்தச் சிக்கனத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் சகோதரிகளே, பல வீடுகளில் இதே கணக்கைச் சைக்கிளிலும் போட்டுவிடுகிறார்கள். "இப்ப எட்டாவிட்டால் என்ன, வளர்ற பிள்ளைதானே" என்கிறார்கள். பாவாடை நீளமாக இருந்தால் கால் தடுக்கும், அவ்வளவுதான். சைக்கிள் அளவாக இல்லாவிட்டால், லாரி வரும்போது பிள்ளையால் நிறுத்த முடியாது. சட்டைக்கு மடிப்பு வைக்கலாம், சைக்கிளுக்கு வைக்க முடியாது.

நல்ல வேளையாக, சைக்கிளையே மாற்ற வேண்டும் என்பதில்லை. ஸீட்டை ஏற்றி இறக்கலாம். பிரேக் லீவரைத் திருப்பலாம், கிட்டே கொண்டு வரலாம். இரண்டையும் ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு நாமே வீட்டு வாசலில் செய்துவிடலாம். பிரஷர் குக்கருக்கு காஸ்கெட் மாற்றத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையே இல்லை.

"உனக்கு எப்படியம்மா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்பீர்கள். எங்கள் அப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அப்போது கலெக்டராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதோடு சைக்கிளும் ஓட்டக் கற்க வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். வயலுக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், ஆயாக்கள், டீச்சர்கள் என்று எல்லாரும் வந்தார்கள். எங்கள் அம்மாவும் அப்போதுதான் கற்றுக்கொண்டார்.

அப்பா கடையில் அந்த நாளில் லேடீஸ் சைக்கிளே கிடையாது. எல்லாம் குறுக்குக் கம்பி வைத்த பெரிய ஜென்ட்ஸ் சைக்கிள்கள்தான். அது வந்தவர்களுக்கும் பிடித்திருந்தது, முன் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா? யார் வந்து வாடகைக்குக் கேட்டாலும் அப்பா உடனே வண்டியைக் கொடுத்துவிட மாட்டார். ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். ஸ்பானரை எடுத்து ஸீட்டை இறக்குவார். "அக்கா, பிரேக்கைப் பிடிச்சுக் காட்டுங்க" என்பார். பிடித்துக் காட்டிய பிறகுதான் வண்டி. "கால் தரையில பட்டா பயம் போயிரும், பிரேக் விரல்ல பட்டா ஆபத்து போயிரும்" என்று சொல்வார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே நான் கற்றுக்கொண்டேன்.

செருப்பு சொன்ன சேதி

2023-ல் என் நாத்தனார் மகள் பிளஸ் ஒன் சேர்ந்தாள். அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறார்களே, அவளுக்கும் வந்தது. வீட்டிலிருந்து ஸ்கூல் 5 கிலோமீட்டர். குழந்தைக்கு ஒரே குஷி. மூன்று வாரம் ஆகியிருக்கும், நாத்தனார் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"தங்கச்சி, புள்ள தினமும் முழங்கால் வலின்னு அழுவுறா. நேத்து ஒரு ஆட்டோ மேல போய் இடிக்கப் பார்த்துச்சாம். சைக்கிளே வேணாம், டவுன் பஸ்ஸுல போகட்டும்னு சொல்லிட்டேன்."

"ஏண்ணே, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வர்றப்ப பஸ் இருக்குமா?"

"அது ஏது? அஞ்சு மணிக்கு மேல எட்டு மணிக்குத்தான். ஸ்பெஷல் கிளாஸை விட்டுட வேண்டியதுதான், என்ன பண்றது?"

கணக்கில் கொஞ்சம் பின்தங்கிய பெண் அவள். ஸ்பெஷல் கிளாஸை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவளுடைய செருப்பைப் பார்த்தேன். இடது செருப்பு புதுசு போல இருக்கிறது. வலது செருப்பு மட்டும் முன்பக்கம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கிறது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏம்மா, வண்டியைக் காலைத் தேய்ச்சா நிறுத்துற?"

"ஆமா அத்தை. பிரேக் புடிக்கவே வரல. விரல் எட்டல. ரொம்ப அழுத்தினா கை வலிக்குது."

உட்கார்ந்து காட்டச் சொன்னேன். ஸீட் அடி மட்டத்தில் இருந்தது. அவள் நல்ல உயரம், அம்மாவைவிட ஒரு சாண் அதிகம். பெடல் மேலே வரும்போது முழங்கால் கிட்டத்தட்ட நெஞ்சுக்கு வருகிறது. வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் கை மட்டும் சின்னக் கை. பிரேக் லீவரோ ஹேண்டில்பாரை விட்டு வெகு தூரத்தில் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. புதுச் சைக்கிள் எங்கே வாங்கினாலும் இப்படி ஏதோ ஓர் உயரத்தில்தான் வரும். நம் பிள்ளைக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்வது நம் வேலை. அன்றைக்கு நான் செய்ததை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

வேண்டிய சாமான்கள்

ஒரு ஸ்பானர் செட். இல்லையென்றால் சைக்கிள் கடையில் கிடைக்கும் சைக்கிள் ஸ்பானரே போதும், ஒரே ஸ்பானரில் பல அளவு ஓட்டைகள் இருக்கும். ஸீட் நட்டுக்குப் பெரும்பாலும் 13 அல்லது 14 நம்பர் சரியாக இருக்கும். இப்போது வரும் சில சைக்கிள்களுக்கு 'எல்' போல வளைந்த ஆறுமுகச் சாவி தேவைப்படும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய துணி, துளி கிரீஸ், நூல் கொஞ்சம், நெயில் பாலிஷ். நெயில் பாலிஷ் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஸ்பானர் நட்டில் கச்சிதமாக உட்கார வேண்டும். லொடலொடவென்று இருப்பதை வைத்துத் திருகினால் நட்டின் முனை மழுங்கிப்போகும், பிறகு யாராலும் கழற்ற முடியாது. தளர்த்துவதற்கு இடப்பக்கம், இறுக்குவதற்கு வலப்பக்கம். பாட்டில் மூடி மாதிரியேதான்.

ஸீட் உயரம்

பிள்ளை ஸ்கூலுக்குப் போட்டுப்போகும் அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொள்ளட்டும். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஸீட்டில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பெடல் அடி மட்டத்துக்கு வரட்டும். அந்தப் பெடல்மேல் குதிகாலை வைக்கச் சொல்லுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கமாகச் சாயக்கூடாது. அதுதான் நல்ல உயரம். ஓட்டும்போது குதிகாலை வைக்க மாட்டோம், பாதத்தின் முன்பகுதியைத்தான் வைப்போம். அப்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்கும். அந்த லேசான மடிப்புதான் முழங்காலுக்கு சுகம்.

ஸீட் ரொம்பத் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம், சில்லுக்கு அடியில் வலிக்கும். ரொம்ப உயரமாக இருந்தால் முழங்காலுக்குப் பின்பக்கம் வலிக்கும், மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். பின்னால் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். குதிகால் கணக்குப்படி வைத்தால், உட்கார்ந்தபடி பாதம் முழுசாகத் தரையில் படாது. நன்றாக ஓட்டிப் பழகியவர்களுக்கு அது பரவாயில்லை. புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட வேண்டும். கற்று முடித்து, கடைவீதி நெரிசலில் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு காலிலும் பாதத்தின் முன்பாதியாவது தரையில் ஊன்ற வேண்டும். ஆகவே ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள். வாரத்துக்கு அரை இஞ்ச் ஏற்றுங்கள். காலும் பழகும், பயமும் வராது.

சரி, எப்படி ஏற்றுவது? ஸீட்டைத் தாங்கி நிற்கும் குழாய் சைக்கிளின் சட்டத்துக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு நட்டும் போல்ட்டும் இருக்கும். அந்தக் குழாயைக் கடையில் ஸீட் பில்லர் என்பார்கள். நட்டைக் கழற்றிவிட வேண்டாம், தளர்த்தினால் போதும். ஸீட்டை இரண்டு கையாலும் பிடித்து, வலமும் இடமுமாகத் திருகியபடி மேலே இழுங்கள். வராவிட்டால் சுத்தியலால் தட்டாதீர்கள். துரு பிடித்திருக்கும். இரண்டு சொட்டு மண்ணெண்ணெயோ மிஷின் எண்ணெயோ விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் முயலுங்கள். வெளியே வந்ததும் துணியால் துடைத்து, கிரீஸ் லேசாகத் தடவினால் அடுத்த முறை சிரமமே இருக்காது.

மிக முக்கியமானது இதுதான். பல ஸீட் பில்லர்களில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஏற்றவே கூடாது. கோடு இல்லாவிட்டால், குறைந்தது 3 இஞ்சாவது சட்டத்துக்குள் இருக்க வேண்டும். உள்ளே கொஞ்சமாக இருந்தால், பள்ளத்தில் விழும்போது பில்லர் வளையும், சில சமயம் ஸீட்டோடு உடைந்தும் வரும். அந்த உயரமும் பிள்ளைக்குப் போதவில்லையென்றால் கடையில் நீளமான பில்லர் கேளுங்கள். அதிக விலை இராது.

நட்டு இல்லாமல் கையாலேயே மடக்கும் பிடி வைத்த சைக்கிள்களும் இப்போது வருகின்றன. அந்தப் பிடியை மூடும்போது உள்ளங்கையில் அச்சுப் பதியும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். சுலபமாக மூடிக்கொண்டால் இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

ஸீட்டின் மூக்கு

இதை யாரும் எழுத மாட்டார்கள், நாமாவது பேசிக்கொள்வோம். ஸீட்டின் முன்மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தால், பெண் பிள்ளைகளுக்கு வெளியே சொல்லக் கூச்சப்படும் இடத்தில் அழுத்தும். வலி, மரத்துப்போவது, உரசி எரிச்சல் எல்லாம் வரும். மாதவிலக்கு நாளில் கேட்கவே வேண்டாம். பிள்ளை வாயைத் திறந்து சொல்லாது. "சைக்கிள் பிடிக்கலம்மா" என்று மட்டும் சொல்லும். அம்மாக்கள்தான் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும்.

மூக்கு கீழே சரிந்திருந்தால் வேறு தொல்லை. உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் மணிக்கட்டுக்குப் போகும். அந்தக் கையால் பிரேக்கையும் பிடிக்க வேண்டுமே!

ஆகவே ஸீட் சமமாக இருக்கட்டும். நீளமான மரஸ்கேலை ஸீட்டின்மேல் முன்னும் பின்னுமாக வைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும். ஸீட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் நட்டு இருக்கும். இரண்டையும் தளர்த்துங்கள். உள்ளே பல் பல்லாக இருக்கும். பற்கள் விடுபட்ட பிறகுதான் ஸீட் அசையும். சமமாக வைத்து, பற்கள் ஒன்றோடொன்று பொருந்தியபின், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

அதே நட்டு தளர்ந்திருக்கும்போதே ஸீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அளவு பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நூலில் ஒரு சாவியைக் கட்டிக்கொள்ளுங்கள், கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி. இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்கும்படி வைத்து, முன் காலின் முழங்கால் சில்லிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். சாவி பெடலின் நடு அச்சுக்கு நேரே வந்தால் சரி. சற்று முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

பிரேக் லீவர்

இனி பிரேக்குக்கு வருவோம். ஸீட் சரியில்லாவிட்டால் வலிக்கும். பிரேக் எட்டாவிட்டால் அடிபடும்.

முதலில், எந்தக் கைக்கு எந்த பிரேக் என்று பாருங்கள். நம் ஊர் சைக்கிள்களில் வழக்கமாக வலது கைக்கு முன் சக்கரம், இடது கைக்குப் பின் சக்கரம். ரிப்பேர் செய்தவர் மாற்றியும் மாட்டியிருக்கலாம். அழுத்திப் பார்த்து, பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள்.

பிள்ளையை ஸீட்டில் உட்கார வைத்து, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி விரல்களை நேரே நீட்டச் சொல்லுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்க்கோடாக இருக்க வேண்டும். அந்த விரல்களுக்கு நேரே லீவர் இருக்க வேண்டும். மணிக்கட்டை மேலே மடக்கினால்தான் எட்டும் என்றால் லீவர் தூக்கலாக இருக்கிறது. ஹேண்டில்பாரில் லீவரைக் கவ்விப் பிடிக்கும் பட்டையில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தி, லீவரைக் கீழ்நோக்கித் திருப்பி, திரும்ப இறுக்குங்கள். கையால் தள்ளினால் நகராத அளவுக்கு இறுக்கினால் போதும். பலத்தையெல்லாம் காட்டினால் மரை அறுந்துவிடும்.

அடுத்தது எட்டும் தூரம். கட்டை விரல் பிடியைச் சுற்றியிருக்க, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவைத் தாண்டி லீவர்மேல் வளைந்து பிடிக்க வேண்டும். நுனி விரலால் தொட்டுக்கொண்டிருந்தால் அழுத்தமே கொடுக்க முடியாது. வயர் பிரேக் வைத்த பல புதுச் சைக்கிள்களில் லீவரின் அடிப்பாகத்தில் பொடி ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதை வலப்பக்கம் திருகத் திருக லீவர் பிடியை நோக்கிக் கிட்டே வரும். கால் திருகு, கால் திருகாக வைத்து, பிள்ளையைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்கள் லீவரின் வெளிமுனைப் பக்கம் விழும்படி பட்டையை ஹேண்டில்பாரில் சற்று நகர்த்தினால் இன்னும் நல்லது. முனையில் அழுத்தினால் குறைந்த பலத்திலேயே நன்றாகப் பிடிக்கும்.

லீவரைக் கிட்டே கொண்டு வந்தபின் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முழுப் பலத்தோடு அழுத்தினாலும் லீவர் பிடியில் போய் முட்டக்கூடாது. ஒரு விரல் நுழையும் இடைவெளியாவது மிச்சமிருக்க வேண்டும். முட்டினால் வயர் தொய்வாக இருக்கிறது. லீவருக்குள் வயர் நுழையும் இடத்தில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒரு திருகு இருக்கும். அதை இடப்பக்கம் திருகி வெளியே எடுத்தால் வயர் இறுகும். பிறகு அதை ஒட்டியுள்ள சிறு வளைய நட்டை இறுக்கிப் பூட்டிவிடுங்கள்.

சக்கரத்தையும் பாருங்கள். லீவரை விட்ட நிலையில் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி போதும். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். அழுத்தினால் கட்டை ரிம்மில்தான் பட வேண்டும். டயரில் பட்டால் டயர் கிழியும். கட்டையில் வெட்டுக் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் புதுக் கட்டை மாற்றிவிடுங்கள். கிரீஸோ எண்ணெயோ கட்டையிலும் ரிம்மிலும் மறந்தும் படக்கூடாது. பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரால் ரிம்மைக் கழுவித் துடைத்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். எண்ணெய் ஊறிய கட்டையை மாற்றிவிடுவதே நல்லது.

கடைசியாக ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். வயர் எங்கும் இழுபடக்கூடாது.

கம்பி பிரேக் வைத்த சைக்கிளென்றால் லீவரைத் திருப்பவோ கிட்டே கொண்டு வரவோ வசதி இல்லை. கம்பியின் அளவைக் கூட்டிக் குறைக்கிற வேலையைக் கடைக்காரரிடம் விட்டுவிடலாம். வயர் நுனி பிரிந்து நார் நாராக இருந்தாலும், ரிம் நெளிந்திருந்தாலும், ஹேண்டில்பாரே ஆடினாலும் அப்படித்தான். இவையெல்லாம் நாம் கைவைக்கிற வேலை இல்லை.

கோலப்பொடி பரீட்சை

எல்லாம் முடிந்ததும் பிள்ளையை நேரே ரோட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ஸீட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாகத் திருப்பிப் பாருங்கள், அசையக்கூடாது. இரண்டு லீவரையும் பத்துத் தடவை நன்றாக அழுத்துங்கள், வயர் நழுவுகிறதென்றால் இப்போதே நழுவட்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்தால் பின் சக்கரம் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்தால் பின் சக்கரம் சுற்றாமல் தேய்ந்து வர வேண்டும்.

பிறகு தெருவில் வண்டி போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்து, கோலப்பொடியால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். 10 அடி தள்ளி இன்னொரு கோடு. பிள்ளை மெதுவாக ஓட்டி வந்து, முதல் கோட்டில் பிரேக் பிடித்து, இரண்டாவது கோட்டுக்குள் காலைத் தேய்க்காமல் நிற்க வேண்டும். பின் பிரேக்கை ஒரு நொடி முந்தி, பிறகு இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தச் சொல்லுங்கள். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேல் போய் விழும்.

என் நாத்தனார் மகள் முதல் இரண்டு தடவை கோட்டைத் தாண்டினாள். மூன்றாம் தடவை கோட்டுக்கு உள்ளே நின்றுவிட்டு, "அத்தை, ரெண்டு விரல்லயே நிக்குது!" என்று கத்தினாளே, அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஸ்பானரை வாங்கி, ஒவ்வொரு நட்டாக இறுக்கம் பார்த்தார். மறுநாளும் பிள்ளை சைக்கிளில்தான் போனாள். ஸீட்டை மூன்று வாரத்தில் இன்னும் ஒன்றரை இஞ்ச் ஏற்றினார்கள். முழங்கால் வலி போய்விட்டது. ஸ்பெஷல் கிளாஸும் தடைப்படவில்லை. அளவைச் சரிசெய்து இரண்டு மூன்று வாரம் ஆகியும் வலி போகாவிட்டாலோ, முழங்கால் வீங்கினாலோ, டாக்டரிடம் காட்ட வேண்டும். எல்லா வலிக்கும் ஸ்பானர் மருந்தாகாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

புத்தகப் பையை ஹேண்டில்பாரில் மாட்டக்கூடாது. திரும்பும்போது ஆடும், பிரேக் வயரையும் அழுத்தும். கேரியரில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். முன் கூடையில் லஞ்ச் பாக்ஸ் அளவு போதும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துவிட வேண்டும். மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் உடனே பிடிக்காது. வளைவுக்கு வெகுமுன்பே லேசாக அழுத்தி, ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பிறகு நன்றாகப் பிடிக்க வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையைக் கேரியரில் சும்மா உட்கார வைத்துக்கொண்டு போகாதீர்கள். சின்னக் கால் சக்கரக் கம்பிக்குள் போய்க் குதிகால் கிழிந்த குழந்தைகள் எத்தனையோ. கால் வைக்க இடமும், பக்கவாட்டில் தடுப்பும், பெல்ட்டும் உள்ள குழந்தை ஸீட்டைக் கடையில் பொருத்தச் சொல்லுங்கள். பின்னால் பாரம் ஏறினால் வண்டி நிற்கவும் அதிக தூரம் எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு வாங்கும் குட்டிச் சைக்கிளிலும் இதே சோதனைதான். கடையிலேயே உட்கார வைத்து, "பிரேக்கைப் பிடி கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிஞ்சு விரல் லீவரை இழுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். கலரும் மணியும் அப்புறம்.

நெயில் பாலிஷ் எதற்கு?

பல வீடுகளில் ஒரு சைக்கிளை அக்காவும் தம்பியும் மாறி மாறி ஓட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் அளவு பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அக்காவின் உயரத்துக்கு ஸீட் பில்லரில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு. தம்பிக்கு வேறு கலரில் ஒரு கோடு. நட்டைத் தளர்த்தி, அவரவர் கோட்டுக்கு வைத்து இறுக்கினால் முடிந்தது. ஸீட் தானாக இறங்கிக்கொண்டு வந்தாலும் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

பரீட்சை லீவு முடிந்து ஸ்கூல் திறக்கும்போது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளருகிற வயதில் ஒரு வருஷத்தில் கால் எவ்வளவு நீளுகிறது என்பது பாவாடையைப் பிரித்துவிடுகிற நமக்குத் தெரியாதா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் பிள்ளையையும் சைக்கிளையும் வாசலுக்கு அழைத்து வாருங்கள். அரை மணி நேரம் ஆகும். ஸ்பானரைப் பிள்ளையின் கையில் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள். பெண் பிள்ளையானால் இன்னும் விசேஷம். வழியில் ஸீட் ஆடினால் யாரையும் எதிர்பார்க்காமல் அவளே இறுக்கிக்கொண்டு வீடு வந்து சேருவாள்.